விழுந்தா... தூசியைத் தட்டிட்டுக் கிளம்பிடாதீங்க!

ராஜபாளையம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? நாய்! ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால்? ஆண்டாள், அதற்கடுத்து பால்கோவா! வெளியூரிலிருந்து நம்ம பக்கம் படிக்க வருகிற பசங்க முதல் வாரத்திலேயே இந்த மூணையும் கேட்டு நம்மளை ஒரு வழி பண்ணிடுவாங்க. ஆனால், யாரும் கேட்காத இன்னொரு பெருமையும் நமக்கு இருக்கு. பேண்டேஜ் துணி! ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள், விசைத்தறிச் சத்தம் காதைப் பிய்க்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி அங்கேதான் நெய்யப்படுகிறது.

ஊருக்கெல்லாம் கட்டு போட துணி நெய்கிற ஊர் நம்மது. அந்தக் கட்டு நம்ம காலுக்கே வந்துவிட்டால் அடுத்து என்ன செய்யணும்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த தியேட்டரில் எந்த ரோவில் சீட் நல்லா இருக்கும்னு தெரியும். எந்த சப்ஜெக்ட்டில் எந்த யூனிட்டை விட்டாலும் பாஸ் ஆகலாம்னு தெரியும். பைக்கிலிருந்து விழுந்தால் சட்டப்படி நமக்கு என்ன உரிமை இருக்குன்னு கேட்டால்..? "அதெல்லாம் வக்கீல் பாத்துப்பாரு மாப்ளே!"

அதனால் இந்த வாரம் இதுதான் மேட்டர். பயப்படாதீங்க, "மெதுவா போ, ஹெல்மெட் போடு" என்று அட்வைஸ் மழை இல்லை. அதுக்கு வீட்டில் அப்பா இருக்கிறார், காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சி இருக்கிறார். இது விழுந்ததுக்கு அப்புறம் உள்ள கதை.

முதலில் ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. செத்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நமக்குத்தான், 64,105 விபத்துகள். தமிழ்நாட்டில் உயிர் போனது 17,884 பேருக்கு. நாடு முழுக்க இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் டூ-வீலரில் போனவர்கள். உலக அளவிலும் 5 வயசிலிருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவர்களின் உயிரை அதிகமாக எடுப்பது எந்த நோயும் இல்லை, ரோடுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேப்பரில் வருவது செத்தவர்கள் கணக்கு. அடிபட்டுப் பிழைத்து, ஒரு செமஸ்டரைத் தொலைத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவர்கள் கணக்கு நம்ம கிளாஸ் ரூமில்தான் இருக்கு.

'பேசி முடிச்சுக்கிடுவோம்!'

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். மதுரைப் பக்கம் திருமங்கலத்திலிருந்து கேரளாவின் கொல்லம் வரைக்கும் போகிற தேசிய நெடுஞ்சாலை 744 அது. செங்கோட்டை தாண்டப்போகிற லோடு லாரி, மில் ஷிஃப்ட் முடிந்து வருகிற சைக்கிள், காலேஜ் பஸ், ஷேர் ஆட்டோ, கரும்பு டிராக்டர், நடுவில் புகுந்து புறப்படுகிற நம்ம பைக். எல்லாம் ஒரே ரோட்டில்!

இந்த ரோட்டில் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனை ஒரு கார் லேசாக உரசிவிட்டது. பெரிய அடி இல்லை. முட்டியில் சிராய்ப்பு, வீக்கம். காரிலிருந்து இறங்கியவர் ரொம்ப மரியாதையானவர். "தம்பி, போலீஸு, கேஸுன்னு போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல்தான். பேசி முடிச்சுக்கிடுவோம்" என்று மூவாயிரம் ரூபாயைக் கையில் வைத்தார். சுற்றி நின்றவர்களும் "படிக்கிற பையன், எதுக்குப்பா வம்பு" என்றார்கள். நண்பனும் தூசியைத் தட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் புரோட்டா ட்ரீட் வேறு!

மூணாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் உள்ளே லிகமென்ட் அறுந்திருக்கிறது. ஆபரேஷன், பிசியோதெரபி என்று பில் லட்சத்தைத் தாண்டியது. அவன் அப்பா தறி ஓட்டுகிறவர். கார் நம்பர்? யாரும் பார்க்கவில்லை. எஃப்.ஐ.ஆர்.? இல்லை. ஆஸ்பத்திரி சீட்டு? மெடிக்கல் ஷாப்பில் வாங்கின ஆயின்ட்மென்ட் பில் மட்டும்.

அந்த மூவாயிரம் யாருடைய பணம் என்பதுதான் இதில் காமெடி. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்தக் காருக்கு பாலிசி இருந்திருந்தால் நண்பனுக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் தந்திருக்கும், கார்க்காரர் பாக்கெட்டிலிருந்து பத்து பைசா போயிருக்காது. ரெண்டு பேருமே கேஸுக்குப் பயந்தார்கள். லாபம் கம்பெனிக்கு!

கோயம்புத்தூர் இன்ஜினீயரிங் மாணவர்

'கேஸ் போட்டு என்னத்தக் கிழிக்க' என்று கேட்கிறவர்களுக்காக ஒரு நிஜ வழக்கு. 2017 ஜனவரி 7. கோயம்புத்தூர். இருபது வயசு இன்ஜினீயரிங் மாணவர், நம்ம செட்தான், பைக்கில் போகிறார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையிலேயே திடீரென பிரேக் போட்டு நிற்கிறது. காரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்ததாம். பைக் காரின் பின்னால் மோத, மாணவர் ரோட்டில் விழ, பின்னால் வந்த பஸ் காலில் ஏறிவிட்டது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

தப்பு யார் மேல்? கார்க்காரர் பஸ்ஸைக் காட்டினார். பஸ் தரப்பு பைக்கைக் காட்டியது. வழக்கு தீர்ப்பாயம், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறி, கடைசியில் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜூலை 29-ல் தீர்ப்பு வந்தது. நெடுஞ்சாலையில் எந்த சிக்னலும் தராமல் திடீரென நிறுத்துவது கவனக்குறைவுதான், அவசரம் இருந்தாலும் பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கை தர வேண்டியது டிரைவரின் கடமை என்றது கோர்ட். கார் டிரைவர் மேல் 50 சதவிகிதம், பஸ் டிரைவர் மேல் 30 சதவிகிதம், மாணவர் மேல் 20 சதவிகிதம் தப்பு. மொத்த நஷ்டஈடு 1 கோடியே 14 லட்சத்துக்கு மேல். அதில் மாணவர் பங்கான 20 சதவிகிதம் கழிந்து கைக்கு 91 லட்சத்து 39 ஆயிரம் சொச்சம்.

ஒரு கால் போனதுக்கு எந்தக் கோடியும் ஈடு கிடையாது. ஆனாலும், அந்தக் கழிந்த 20 சதவிகிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கிட்டத்தட்ட 22 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்! அது ஏன் போச்சு? ரெண்டு காரணம். முன்னால் போன காருக்கும் தன் பைக்குக்கும் நடுவே போதுமான இடைவெளி விடவில்லை. செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லை. "எல்.எல்.ஆரே போதும் மச்சி, யார் பிடிக்கப் போறா" என்று திரிகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும்.

இடைவெளின்னா எவ்வளவு பாஸ்?

நம்ம ஏரியா கேள்வி! மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். முன்னால் ரெட் லைட் எரிவதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை அமுக்க ஒரு விநாடி. அதற்குள் வண்டி 16.7 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல ரோடு, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டாலும் நிற்க இன்னொரு 20 மீட்டர். ஆக மொத்தம் 36 மீட்டருக்கு மேல். அதே வண்டி 40-ல் போனால் 20 மீட்டரில் நிற்கும். 80-ல் போனால் 57 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கு, தூரம் கிட்டத்தட்ட மூணு மடங்கு! பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பிளஸ் ஒன்னிலேயே படித்தோம், மார்க்கும் வாங்கினோம்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்த்திருப்பீர்கள். ஆள் நடக்கிற வேகத்தில் வருகிற தேரையே நிறுத்த எத்தனை பேர் முட்டுக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உஷாராக வருகிறார்கள்! பைக்கில் நமக்கு முட்டுக்கட்டை போட ஆள் கிடையாது. அந்த இடைவெளிதான் முட்டுக்கட்டை.

அடிபட்ட முதல் மணி நேரம்

சரி, விழுந்தாச்சு. முதலில் உயிர், அப்புறம்தான் சட்டம். 108-க்கு போன் போடுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற சேவை, காசு கிடையாது. நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது, ரெண்டு பேர் கையைக் காலைப் பிடித்து மூட்டை மாதிரி ஆட்டோவில் திணிப்பது, மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது... இந்த மூணும் நம்ம ஊர் பாசத்தின் அடையாளம். மூணும் ஆபத்து! கழுத்தெலும்பில் அடி இருந்தால் உங்கள் உதவியே அவரைப் படுக்கையில் போட்டுவிடும்.

"போலீஸ் கேஸ், நாங்க பாக்க மாட்டோம்" என்று ஆஸ்பத்திரி சொல்லலாமா? சொல்லக்கூடாது. ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை ஒரு ஆஸ்பத்திரி இப்படித்தான் திருப்பி அனுப்பியது. 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. அந்தச் செய்தியை வைத்துப் போட்ட வழக்கில்தான் 1989-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சடங்கெல்லாம் அப்புறம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவும் அதையே சொல்கிறது.

பணம்? தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18-ல் 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு திட்டத்தில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. மத்திய அரசு 2025 மே மாதம் கொண்டுவந்த கேஷ்லெஸ் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாளைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை சிகிச்சை. ஆம்புலன்ஸ் ஏறும்போதே "திட்டத்துல உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே" என்று கேளுங்கள். அட்மிஷன் கவுன்டரில் "அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

தூக்கிட்டுப் போனவனுக்கு..?

"நாம கொண்டுபோய்ச் சேர்த்தா நம்மளையே சாட்சியா கோர்ட்டுக்கு இழுப்பாங்க." இந்தப் பயத்தில்தான் ரோட்டில் கிடப்பவரைச் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறோம். இந்தப் பயம் காலாவதியாகி வருஷக்கணக்காச்சு. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், பிறகு 2019 சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவும் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு தந்துவிட்டன. பெயர், விலாசம் சொல்லச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் பணம் கேட்கவோ, பிடித்து உட்கார வைக்கவோ கூடாது. நீங்களாக விரும்பினால்தான் சாட்சி. அதோடு, பலமாக அடிபட்டவரை அந்த முதல் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றியவருக்கு 2021-ல் 5,000 ரூபாய் பரிசு அறிவித்த மத்திய அரசு, 2025-ல் அதை 25,000 ஆக்கியது. பரிசுக்காகப் போக வேண்டாம்தான். பயத்துக்காகப் போகாமல் இருக்கவும் வேண்டாம்!

பேப்பர் முக்கியம் அமைச்சரே!

லேப் எக்ஸாமில் ரெக்கார்டு இல்லாமல் உள்ளே விடுவார்களா? கோர்ட்டும் அப்படித்தான்.

மோதின வண்டியின் நம்பர் ரொம்ப ரொம்ப முக்கியம். போட்டோ எடுங்கள். வண்டி நின்ற நிலை, ரோடு, டயர் தேய்ந்த தடம், எல்லாம். அப்புறம் ஸ்டேஷன். எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் நகல் இலவசமாகத் தர வேண்டியது சட்டம். வேற ஸ்டேஷன் எல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். சின்ன அடி என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி, விபத்தில் அடிபட்டதாக 'ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்'-ல் பதிய வையுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். டாக்டர் கேட்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டு "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று சொன்னால், அந்த ஒரு வரி பின்னாடி மொத்த கேஸையும் வழுக்கிவிடும். காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்த காசு முதல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். ஸ்டேஷனிலிருந்து பார்வை மகஜர், ஸ்கெட்ச், எம்.வி.ஐ. ரிப்போர்ட் வரும். போலீஸே விபத்து பற்றிய முதல் தகவலை 48 மணி நேரத்துக்குள்ளும், முழு விவர அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-லிருந்து விதி இருக்கு. அனுப்பியாச்சா என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒரே ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி விழுந்துவிட்டு, லைசென்ஸ் உள்ள நண்பனை "நீ ஓட்டினதா சொல்லுடா" என்பது நம்ம கேம்பஸ்களில் நட்பின் உச்சமாக நினைக்கப்படுகிறது. அது நட்பு இல்லை, பொய் வழக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

எல்லா ரோடும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே!

நம்ம மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில். ஆனால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்! விபத்து நஷ்டஈட்டு மனுவுக்குக் கோர்ட் வட்டாரத்தில் 'எம்.சி.ஓ.பி.' என்று பேர். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கிற ஊரிலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கிற ஊரிலும் போடலாம். ராஜபாளையத்தில் படிக்கிற தஞ்சாவூர்ப் பையன் தஞ்சாவூரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

கெடு? 1994-ல் எடுத்துவிட்ட கெடுவை மறுபடி கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1-லிருந்து ஆக்கிவிட்டார்கள். இதை எதிர்த்து வழக்குகள் போய், தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி அசால்ட்டாக இருக்காதீர்கள். ஆறு மாதம் என்பது ஒரு செமஸ்டர். செமஸ்டர் எவ்வளவு சீக்கிரம் ஓடும்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

யார் மேல் தப்பு என்று நிரூபிக்க முடியாத நிலைமையா? 164-வது பிரிவில் கேட்கலாம். மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் தனித் திட்டம் உண்டு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம்.

'சம்பாதிக்காத பையனுக்கு என்ன நஷ்டம்?'

இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கண்டிப்பாகக் கேட்கிற கேள்வி. பதில் ரொம்ப வருஷம் முன்னாடியே வந்தாச்சு. 1993-ல் நடந்த ஒரு விபத்தில் பி.ஐ.டி. மெஸ்ராவில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படித்த மாணவர் வலது கையை இழந்தார். 2010-ல் உச்ச நீதிமன்றம், இவர் படித்து முடித்திருந்தால் நல்ல வேலைக்குப் போயிருப்பார் என்று சொல்லி, வருஷத்துக்கு 60 ஆயிரம் சம்பளம் என்று வைத்து, அதில் 70 சதவிகித இழப்பை 18-ஆல் பெருக்கியது. மற்ற தொகையும் சேர்த்து மொத்தம் 9 லட்சத்து 6 ஆயிரம். கீழ்க்கோர்ட்டில் கிடைத்ததைவிட அதிகம்.

அதென்ன 18? 15 வயசிலிருந்து 25 வரை உள்ளவர்களுக்கான பெருக்கல் எண். 2009 தீர்ப்பு ஒன்று வயசுவாரியாக வரிசை போட்டுக் கொடுத்திருக்கு. அதற்கு மேல் எதிர்கால சம்பள உயர்வுக்கு 40 சதவிகிதம் சேர்க்கலாம் என்பது 2017 தீர்ப்பு. நீங்களே போட்டுப் பாருங்கள். மாசம் 15,000 என்று கோர்ட் வைத்தால், 40 சதவிகிதம் சேர்த்து 21,000. பன்னிரண்டால் பெருக்கி, பதினெட்டால் பெருக்கி, சம்பாதிக்கிற திறனில் இழப்பு 30 சதவிகிதம் என்றால்..? 13 லட்சத்து 60 ஆயிரத்து 800. இது போக வைத்தியச் செலவு, வலி வேதனைக்கான தொகை தனி. இப்போ அந்த மூவாயிரத்தை நினைத்துப் பாருங்கள்.

பின்சீட்டும் இரவல் பைக்கும்

இதுதான் கேம்பஸுக்கே உரிய பகுதி. ஒரு பைக், நாலு ஓனர் என்பதுதானே ஹாஸ்டல் தர்மம்!

வேற வண்டி வந்து மோதினால் பிரச்னை இல்லை. ஓட்டினவரும் பின்னால் இருந்தவரும் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். ஆனால் நம்ம பைக்கே மணலில் சறுக்கி விழுந்தால்? வண்டிக்குத் 'தேர்ட் பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால் பின்சீட்டில் இருப்பவருக்கு அது பொறுப்பேற்காது என்பது 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'பேக்கேஜ்' பாலிசி என்றால் பின்சீட்டுக்கும் உண்டு. இரவல் பைக்கை ஓட்டித் தானே விழுந்தவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார், அதனால் அவரும் தேர்ட் பார்ட்டி ஆகமாட்டார். இது 2009 தீர்ப்பு. பாலிசியோடு வருகிற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் லைசென்ஸ் உள்ள ஓனருக்கு மட்டும்தான், உயிர் நண்பனுக்குக் கிடையாது!

லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்து அவன் யாரையாவது இடித்தால்? அடிபட்டவருக்குக் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லும் கோர்ட், அதை வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளவும் சொல்லும். ஓனர் யார்? ஆர்.சி. புக்கைப் பாருங்கள். பெரும்பாலும் அப்பா பேர்தான் இருக்கும். ஃபர்ஸ்ட் இயர் தம்பிகளுக்கு இன்னொன்று: 18 முடியாமல் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ ஓனருக்கோ 25 ஆயிரம் அபராதமும் மூணு வருஷம் வரை ஜெயிலும் சட்டத்தில் இருக்கு.

வெள்ளைப் பேப்பரும் வெள்ளைச் சட்டையும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிவதற்குள் "தம்பி, கேஸை நான் பாத்துக்கிடுதேன், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று யாராவது வந்தால் உஷார். வக்கீல்கள் ஆள் வைத்து கேஸ் பிடிக்கக் கூடாது, 'ஜெயிச்சா இத்தனை பர்சென்ட்' என்று ஃபீஸ் பேசவும் கூடாது. இது பார் கவுன்சில் விதி. வெற்றுப் பேப்பரில் கையெழுத்து போடவே கூடாது, அது காம்ப்ரமைஸுக்காக இருந்தாலும் சரி. நல்ல வக்கீல்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், விசாரித்துப் போங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு போன் போடலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் பேசி முடித்தால் சீக்கிரம் பணம் வரும். ஆனால் அதற்கு அப்பீல் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு தலையாட்டுங்கள்.

"அரசு பஸ் ஜப்தி" என்று அடிக்கடி பேப்பரில் பார்க்கிறோமே, அதுவும் இந்தக் கதைதான். தீர்ப்பு வந்தும் போக்குவரத்துக் கழகம் நஷ்டஈடு தராமல் இழுத்தால், கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பயணிகள் சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்குப் போவார்கள். அந்த பஸ்ஸுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் காத்திருக்கிற ஒரு குடும்பம் இருக்கு.

நாமே இடிச்சிட்டா?

இத்தனை நேரம் நாமே அடிபடுகிற மாதிரி பேசியாச்சு. ஆனால் சைக்கிளில் மில்லுக்குப் போகிற பெரியவர் மேல் நம்ம பைக் மோதினால்? மேலே சொன்ன ஒவ்வொரு உரிமையும் அப்படியே அவருக்கு உண்டு. வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சட்டப்படி உங்கள் கடமை. கூட்டம் அடிக்க வருகிறதென்றால் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். "பெரியவரே, இந்தாங்க ஐநூறு" என்று ஓடி வந்தால், அவருக்கு நாம்தான் அந்தக் கார்க்காரர். அவர் ஒரு மாசம் தறிக்கோ மில்லுக்கோ போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நம்ம பாலிசி உயிரோடு இருந்தால், அவர் நஷ்டத்தை அது பார்த்துக்கொள்ளும்.

அதனால் இந்த வாரத்துக்கு ஒரே ஒரு அசைன்மென்ட். நீங்கள் ஓட்டுகிற, இரவல் வாங்குகிற, பின்னால் தொற்றிக்கொள்கிற வண்டியின் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுங்கள். முடிகிற தேதி எது? தேர்ட் பார்ட்டியா, பேக்கேஜா? ரெண்டே கேள்விதான். பதில் தெரியாதவர்கள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸில் போகவும். டவுன் பஸ்ஸில் நம்ம ஜனம் நிறைய இருக்கு, போரடிக்காது!